வெயிலை நம்பிய வெகுமதிகள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, பாகூர்ப் பக்கத்து வயல்வெளிகளினூடே சிறிது தூரம் சென்றால் வருகிற சேலியமேடு என்னும் சிற்றூரை, கவிஞரேறு வாணிதாசன் வாழ்ந்த ஊர் என்ற அளவில் தமிழ் வாசகர் பலரும் அறிந்திருக்கலாம். ஆனால் அத்தகைய ஓர் ஊரில் குடித்தனம் செய்கிற சாமானியக் குடும்பம் ஒன்று வருஷத்தில் எத்தனை வெகுமதிகளை வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை எவரும் கணக்கெடுத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, நவராத்திரித் தாம்பூலம், பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஓய்வுபெறும் நாள் என்று அது நீண்டுகொண்டே போகும். மொய் எழுதுவது தனிக் கணக்கு. வந்தவர்களை வெறுங்கையுடன் அனுப்பலாகாது என்பதற்காக நாம் திருப்பிக் கொடுக்கிற பொருள்களின் கணக்கு இன்னொன்று. எவர்சில்வர்க் கிண்ணமும் பிளாஸ்டிக் டப்பாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கும், அங்கிருந்து மூன்றாவது வீட்டுக்கும் பயணம் செய்து, சில சமயம் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்வதும் உண்டு.

இந்தச் செலவை மிச்சப்படுத்தவும், கொடுப்பதில் நம் கைவண்ணம் சிறிதேனும் இருக்க வேண்டும் என்னும் ஆசையாலும், பரிசுப் பொருள்களை வீட்டிலேயே செய்து பார்க்கும் வழக்கம் இப்போது மீண்டும் தலையெடுத்து வருகிறது. மூலப்பொருளோ பழைய செய்தித்தாள், ஆற்றுப்படுகைக் களிமண், தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி, பனங்குருத்து ஆகியவையே. ஆதலால் பணச்செலவு சொற்பம். கைவேலையும், பழகிவிட்டால், மாலை வேளைகளில் பேசிக்கொண்டே முடிந்துவிடக்கூடியது. ஆனால் இவ்விஷயத்தை விவரிக்கிற புத்தகங்களும் யூடியூப் படங்களும் அநேகமாக ஒரே வாக்கியத்தில் தாண்டிச் சென்றுவிடுகிற காரியம் ஒன்று இருக்கிறது. அது காயவைப்பது. வீட்டுப் பட்டறைக்கு எஜமானர் யார் என்று என்னைக் கேட்டால், செய்பவருமல்லர், வாங்குபவருமல்லர், வெயிலே என்றுதான் சொல்வேன்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரி மாநிலத்தின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் உள்ள திருக்கனூர், காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். வில்லியனூரோ சுடுமண் வேலைக்குப் பெயர் பெற்றது. இவ்விரண்டு கைத்தொழில்களும் 2011-ஆம் ஆண்டளவில் புவிசார் குறியீடு பெற்றன. திருக்கனூர் வேலைப்பாடு பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் இப்பக்கம் வந்து ஊன்றியது என்று சொல்வார்கள். காகிதக்கூழால் அழகிய பொருள்கள் செய்யும் வித்தை நம் தேசத்துக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்ததுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் பாரசீகக் கைவினைஞர் வழியாக அங்கே வேரூன்றிய அந்தக் கலை, இன்றும் ஸ்ரீநகரின் சந்துகளில் பெட்டிகளாகவும் பூச்சாடிகளாகவும் உருவாகி வருகிறது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பாட்டிமார்களே இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். பழைய காகிதங்களைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தையும் ஒரு பிடி மஞ்சளையும் சேர்த்து உரலிலிட்டு இடித்து, பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் அந்த விழுதை அப்பி, காய்ந்ததும் கழற்றியெடுத்து, அரிசியும் பயறும் போட்டு வைக்கும் கூடையாக உபயோகித்த காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்த மருமகளுக்கும், பிரசவத்துக்கு வந்து போகும் மகளுக்கும் இப்படிப்பட்ட கூடை ஒன்று கைமாறுவது சகஜம். அதை எவரும் கைவினைப் பொருள் என்று அழைக்கவில்லை. முறத்தின் இடுக்குகளை அடைக்கவும் இதே விழுதுதான் உதவிற்று.

இந்த வேலையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். குங்குமச் சிமிழோ சிறு தட்டோ செய்ய விரும்புகிறவர் முதலில் காகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பளபளக்கும் வாரப்பத்திரிகைத் தாள் ஆகாது. அதன் மேலுள்ள பூச்சு தண்ணீரை உள்ளே விடாது. செய்தித்தாளும், மாணவர்கள் எழுதித் தள்ளிய நோட்டுத் தாளும் உத்தமம். கத்தரிக்கோலால் நறுக்குவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது, ஏனெனில் கிழித்த விளிம்பில் நார்கள் பிசிறாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அவ்வழியே எளிதில் புகும். ஓரிரவு ஊறிய தாளைக் கொதிநீரில் ஒருமுறை வேகவைத்து, மிக்ஸியில் நிறையத் தண்ணீர் விட்டுச் சிறிது சிறிதாக அடித்தால், ஆட்டிய உளுந்து மாவைப் போன்ற கூழ் கிடைக்கும். அதை மெல்லிய துணியில் கொட்டிப் பிழிய வேண்டும். எவ்வளவு பிழியலாம் என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும்; சொட்டச் சொட்ட விட்டால் காயப் பல நாள் பிடிக்கும், ஒட்டப் பிழிந்துவிட்டால் கட்டி கட்டியாக நின்று அச்சின் நுணுக்கங்களில் படியாது.

பிழிந்த கூழில் அரைத்த வெந்தயமோ, மைதாப் பசையோ, புளியங்கொட்டையைக் காய்ச்சிய பசையோ சேரும். காகிதம் என்பது தாவர நார்களின் கூட்டந்தான். தண்ணீரில் பிரிந்து மிதக்கிற அந்த நார்கள், ஈரம் விலக விலக ஒன்றையொன்று நெருங்கிப் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையவை. ஆகவே பசை இல்லாமலேகூடக் கூழ் ஓரளவு கெட்டிப்படும். ஆனால் செய்தித்தாளின் நார் ஏற்கெனவே இளைத்துக் குட்டையானது. வெந்தயத்தை ஊறவைத்தால் விரலில் வழுவழுவென்று ஒட்டுகிறதே, அது ஒரு வகைக் கோந்து; அந்தக் கோந்து குட்டை நார்களுக்கு இடையே பாலமாக நின்று பொருளுக்கு உறுதி தருகிறது. தொழில்முறையில் செய்கிறவர்கள் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம். தின்பண்டம் வைக்கும் தட்டுக்கும், குழந்தை வாயில் வைக்கக்கூடிய பொம்மைக்கும் அதைக் கிட்டேயும் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது அச்சு. இங்கே பாட்டியின் குடத்துக்கும் திருக்கனூர்ப் பொம்மை அச்சுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஈரக்கூழ் காயும்போது சுருங்குகிறது. குடத்தின் வெளிப்புறத்தில் அப்பிய கூழ் சுருங்கச் சுருங்கக் குடத்தை இறுகப் பிடிக்கும். பிடி மிஞ்சினால் வெடிக்கும். அதற்காகத்தான் குடத்தின்மேல் முதலில் ஈரத்துணி ஒன்றைச் சுற்றினார்கள். முக்கால் காய்ச்சலில் துணியோடு உருவி எடுத்து, பிறகு துணியை உரித்துவிட்டுக் கூடையைத் தனியே வெயிலில் வைத்தார்கள். பொம்மை செய்கிறவர்களோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முன்பாதி, பின்பாதி என இரண்டு குழிவான அச்சுகளைச் செய்துகொண்டு, கூழை உட்புறத்தில் கட்டைவிரலால் அழுத்தி அப்புகிறார்கள். அச்சு ஈரத்தைத் தானே கொஞ்சம் குடித்துக்கொள்ளும். கூழும் உள்நோக்கிச் சுருங்கி அச்சை விட்டுத் தானாக விலகும். பிறகு இரண்டு பாதிகளையும் பொருத்தி, இணைப்பில் கூழ் பூசி, மீண்டும் வெயில். காய்ந்தபின் சுண்ணக்கட்டித் தூளும் பசையும் குழைத்த வெள்ளைப் பூச்சு. அதுவும் காய வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வர்ணம். அதுவும் காய வேண்டும். கடைசியில் வார்னிஷ். கை படுகிற நேரம் சில மணிகளே. மற்றதெல்லாம் சூரிய பகவானின் பங்கு.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேற்புறம் தொட்டால் மொடமொடவென்றிருக்கும். உள்ளே ஈரம் பதுங்கியிருக்கும். அவசரக்காரப் பேத்தி வர்ணக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருகையில், "கன்னத்துல வெச்சுப் பாருடி, இன்னும் சில்லுன்னு இருக்கு, உள்ள ஈரம் போவல" என்று பாட்டி தடுத்து நிறுத்துவது வெறும் பழக்கத்தில் வந்த பேச்சன்று. ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை பொருளின் மேற்பரப்பு குளிர்ந்தேயிருக்கும் என்பது பௌதிக சாஸ்திரம். விரலால் சுண்டினால் பொத்தென்ற சத்தம் மாறி டொக்கென்று ஒலிப்பது இன்னோர் அடையாளம். தராசு உள்ளவர்கள் இரண்டு நாள் அடுத்தடுத்து நிறுத்துப் பார்க்கலாம். எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று பொருள். இந்தப் பரீட்சை எதையும் செய்யாமல் எண்ணெய் வர்ணம் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே பூஞ்சை பிடித்து, பரிசு வாங்கியவர் வீட்டு அலமாரியில் சில வாரங்களுக்குப் பின் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கொடுத்தவர் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

வில்லியனூர்க் களிமண்ணின் குணம் இதற்கு நேர்மாறானது. சங்கராபரணி ஆற்றின் ஓரமாய் அமைந்த அவ்வூரின் சுடுமண் சிற்பக்கலை நாடறிந்தது. அதில் வாழ்நாளையே செலவிட்ட வி. கே. முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கூழ்ப்பொம்மை வெயிலுக்கு ஏங்குகிறது என்றால் மண்பொம்மை நிழலை நாடுகிறது. களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கிடையே உள்ள நீர்ப்படலம் வற்றும்போது அவை நெருங்கிவர, பொருள் முழுவதும் சுருங்குகிறது. உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கிவிடும். உள்ளிருக்கும் ஈரமண் சுருங்க மறுக்கும். இந்தச் சண்டையில் பொம்மை விரிசல் விடும். மெல்லிய காது, மூக்கு, விரல் முதலியவற்றுக்கு ஈரத்துணி போர்த்தி, தடித்த உடலோடு சேர்ந்து மெதுவாகக் காயும்படி விடுவது அதனால்தான். நன்றாகக் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால், உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகிப் பொம்மையைத் தெறிக்கச் செய்துவிடும். சூட்டின் அளவு 500 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டியபின், மண்ணோடு ரசாயன முறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேற, அது மறுபடி ஒருபோதும் சேறாகாத சுடுமண் ஆகிறது.

இந்தச் சூட்டை வீட்டடுப்பு தராது. ஆகவே மண்வேலையில் ஆசையுள்ளவர்கள் இரண்டிலொன்றைச் செய்ய வேண்டும்: சுடாத மண்ணில் வர்ணம் பூசித் தண்ணீர் படாமல் காக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள குயவர் ஒருவரிடம் சொல்லி, அவர் சட்டிபானைகளுக்குச் சூளை மூட்டும் நாளில் நம்முடைய அகல்களையும் சிறு மணிகளையும் இடுக்கில் வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவதே சிறந்தது என்பது என் கட்சி. கூலி கொடுத்துவிடுங்கள், விறகும் வைக்கோலும் இனாமாக வருவதில்லை.

செய்த பரிசைச் சுற்றிக் கொடுக்கவும் ஏதாவது வேண்டுமே; அதற்குக் கைக்காகிதம் உகந்தது. தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகளின் முயற்சியால் உருவான அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்திவந்த காலத்தில், கைக்காகிதத் தொழிலுக்குப் புத்துயிர் கொடுக்கப் பெருமுயற்சி செய்தார். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கந்தல் பருத்தித்துணியை அரைத்துக் கூழாக்கி வடித்தெடுக்கிற அந்தக் காகிதத்தைப் பார்த்தவர்கள், தாள் என்பது துணியின் மறுபிறவி என்று ஒப்புக்கொள்வார்கள். வீட்டிலும் இதே கூழைச் சல்லடையில் வடித்து, பழந்துணிமேல் கவிழ்த்துக் காயவைத்து, வாழ்த்துமடல் அளவுள்ள தாள்களைச் செய்யலாம். செம்பருத்தி இதழையோ வேப்பங்கொழுந்தையோ ஈரத்தாளில் பதித்துவிட்டால் வேறு அலங்காரம் வேண்டியதில்லை.

இனிப் பஞ்சாங்கத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். புதுச்சேரிக் கரையில் வருஷ மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து கொட்டுகிறது. பரிசு கொடுக்கும் காலமோ? நவராத்திரி புரட்டாசியில், சில வருஷம் ஐப்பசியைத் தொட்டுவிடும். தீபாவளி மழையின் மடியில். கார்த்திகை தீபம், அதற்குப்பின் பொங்கல். அதாவது, கொடுப்பதற்கு உரிய நாள்களெல்லாம் காயவைப்பதற்கு உதவாத நாள்கள். கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ணுருட்டியிலும் கொலுப்பொம்மை செய்கிற குடும்பங்கள் கோடையிலேயே மண்ணைப் பிசைய உட்கார்ந்துவிடுவதன் ரகசியம் இதுவே. நவராத்திரிக்கு இருபது சிமிழ் கொடுக்க வேண்டுமானால் வைகாசி, ஆனியில் கூழ் பிசைந்து, ஆடிக்காற்றில் காயவைத்து, ஆவணியில் வர்ணம் பூசி முடிக்க வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஊக்கம் பிறந்து உட்காருகிறவர்கள், மின்விசிறியின் கீழும் கேஸ் அடுப்பின் பக்கத்திலும் பொம்மைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு படும் அவஸ்தை சொல்லி முடியாது.

காய்ந்து முடித்த பொருளையும் மழைக்காலம் சும்மா விடாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரு நாளில் மட்டும் இங்கே 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையாற்றில் பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. வெள்ளத்தில் நனைந்த சுடுமண் பொம்மையைக் கழுவித் துடைத்து மறுபடி வைக்கலாம். கூழ்ப்பொம்மை நெடுநேரம் நீரில் கிடந்தால், புறப்பட்ட இடத்துக்கே, அதாவது கூழுக்கே, திரும்பிவிடும். இப்பகுதியில் கூழ்வேலை தொடங்க எண்ணுகிறவர்கள் அலமாரியின் மேல்தட்டை அதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

மழைக்காலத்திலேயே ஏதாவது செய்தாக வேண்டும் என்கிறவர்களுக்குத் துணியே துணை. அதைக் காயவைக்க வேண்டிய அவசியமில்லை. ஊசியும் நூலும் விளக்கு வெளிச்சமும் இருந்தால் போதும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவிலைச் சேர்ந்த உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையம், உமா பிரஜாபதியின் முயற்சியால், கடலோர மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ‘சுனாமிகா’ என்ற பொம்மை இவ்வகையில் ஓர் அற்புதம். தைத்து மிஞ்சிய வெட்டுத்துணியைச் சுருட்டிச் செய்த, கட்டைவிரல் உயரமே உள்ள பெண் பொம்மை அது. கடலைப் பார்க்கவும் அஞ்சி உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கைக்கு ஒரு வேலையும் அதற்குக் கூலியும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். அந்தப் பொம்மையை விற்பதில்லை, பரிசாகவே கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். பல லட்சம் பொம்மைகள் 80 நாடுகளுக்குமேல் போய்ச் சேர்ந்தன. துணியைப் பந்தாக்கித் தலை, அதைச் சுற்றி மடித்த சதுரத்துணி உடல், கறுப்பு நூலில் முடி என்று, பார்த்த மாத்திரத்தில் செய்துவிடலாம்போல் தோன்றும். செய்ய உட்கார்ந்தால்தான் அவ்வளவு சிறிய பொம்மையின் கழுத்தில் முடிச்சுப் போடுவது எத்தனை சிரமம் என்று தெரியும்.

விலை வைத்து விற்க நினைக்கிறவர்கள் வேறு விதமாக யோசிக்க வேண்டும். பசைக்கு இவ்வளவு, வர்ணத்துக்கு இவ்வளவு என்று கூட்டி, அதன்மேல் ஐந்து ரூபாய் வைத்து விற்றுவிட்டு, மாலை முழுவதும் குனிந்து உட்கார்ந்த கூலியைக் கணக்கில் எழுதாமல் விடுவது நம் பெண்களிடம் நான் பலமுறை கண்ட பழக்கம். மலிவாகச் செய்யலாம் என்பது பொருளைப் பற்றிய பேச்சு. உழைப்பையும் மலிவாக எண்ணிவிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளானால் சட்டமும் குறுக்கே வரும்: 2021 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்குத் தரமுத்திரை கட்டாயம், மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவுசெய்துகொண்ட கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. வர்ணம் வாங்கும்போது டப்பாவின்மேல் ஈயம் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சேலியமேட்டில் செய்த சிமிழைத் திருக்கனூர்ச் சிமிழ் என்று சீட்டு ஒட்டி விற்கவும் கூடாது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் அந்தப் பெயரை அவ்வூர்க்காரருக்கே உரியதாக்கியிருக்கிறது.

புத்தகத்தைப் படித்தும் படத்தைப் பார்த்தும் இந்த வேலைகளை ஓரளவு கற்கலாம். கூழை எவ்வளவு பிழிவது, மண்ணை எவ்வளவு மிதிப்பது என்பவற்றைக் கைதேர்ந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிடிக்க முடியும். பாகூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் வழியிலேயே முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்தில் இறங்கி, அங்கே வேலை செய்கிற கைவினைஞர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். வில்லியனூருக்கும் திருக்கனூருக்கும் நேரில் போவது இன்னும் நல்லது. ஆவணிக்கு முன்னமே போய்விட வேண்டும். அதற்குப்பின் கொலு நெருங்கிவிடும். அவர்களுக்கே தலைக்குமேல் வேலை இருக்கும்.